சிவப்பு இறாலுக்குப் பணம் வாங்கி வெளிறிய இறால் அனுப்பியது குறித்து

அல்சூர், பெங்களூரு

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் 'பெயின்டட் ஃபயர் ரெட்' கிரேடு (நிறத் தரம்) செர்ரி இறால், அதாவது கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சிறு நன்னீர் இறால், 20-ம், கூடவே வாங்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்திய, 'ஏழு நாளில் சிவப்பு' என்று அச்சடித்த 'நிறமேற்றும்' தீவனமும் வாங்கினேன். இறால்கள் உயிரோடு வந்து சேர்ந்தன. பேக்கிங்கில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வந்தவை நான் பணம் கட்டிய இறால்கள் அல்ல. கண்ணாடி உடம்பில் அங்கங்கே சிவப்புப் புள்ளி, சிலவற்றின் முதுகில் பழுப்புக் கோடு. அந்தக் கிரேடு என்றால் கால் வரை அடர் சிவப்பாக, உள்ளுறுப்பு தெரியாமல் இருக்க வேண்டும்.

பயணத்தில் இறால் வெளிறும் என்பது எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கப் பையில் குலுங்கி, புதுத் தண்ணீரில் இறங்கும் உயிர் உடனே நிறம் காட்டாது. அதனால்தான் உடனே புகார் எழுதவில்லை. கருப்பு மண் போட்ட தனித் தொட்டியில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பழக்கி விட்டு, அவை ஓடு கழற்றி நன்றாக மேயும் வரை பொறுத்திருந்தேன். நிறம் ஏறவில்லை.

உங்கள் சேவைப் பிரிவில் கேட்டால், "பெங்களூர் தண்ணீர் சரியில்லை, இன்னொரு பாக்கெட் தீவனம் போடுங்கள்" என்று பதில் வந்தது. இதை என்னால் ஏற்க முடியாது. நான் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதில்லை. குளோரின் நீக்கிய காவிரித் தண்ணீர்தான். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு), ஜிஹெச் (தண்ணீரின் கடினத்தன்மை) இரண்டையும் அளந்துதான் ஊற்றுகிறேன். பக்கத்துத் தொட்டியில் அதே தண்ணீர், அதே மண், அதே விளக்கு. அங்கே வேறொருவரிடம் வாங்கி நான் பெருக்கிய செர்ரி இறால்கள் செக்கச்செவேல் என்று மேய்கின்றன. தண்ணீர்தான் காரணம் என்றால் அவையும் வெளிறியிருக்க வேண்டாமா?

இந்த இறாலின் காட்டு வகை பழுப்பும் கண்ணாடியுமாகத்தான் இருக்கும். சிவப்பு என்பது தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்தவர்களின் உழைப்பு. வேறு நிறத்து இறாலோடு கலந்தால் அந்தப் பழுப்பு திரும்பி வந்துவிடும். நீங்கள் அனுப்பியவற்றில் எனக்குத் தெரிவது அந்தக் கலப்புதான். என் பழைய தொட்டியில் இவற்றை விட்டிருந்தால் அந்த வம்சமும் கெட்டிருக்கும்.

தீவனத்துக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. சிவப்புக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை இறால் தன் உடம்பில் தானே உண்டாக்க முடியாது. பாசியிலிருந்தும் ஸ்பைருலினா போன்ற தீனியிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்கிறது. கருப்புத் தரையில் நிறம் அடர்வதும் வெள்ளை மணலில் வெளிறுவதும் உண்மை. ஆனால் வம்சத்தில் இருக்கும் நிறத்தைத்தான் இவை வெளியே கொண்டுவரும். இல்லாத நிறத்தை எந்தத் தீவனமும் ஏழு நாளில் ஏற்றாது. அப்படி அச்சடித்து விற்பது தவறு.

அந்தப் பாக்கெட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமே இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. தாமிரம் அளவு மீறினால் இறால் செத்துப்போகும். அதனால் அதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று: உங்கள் விற்பனைப் படத்தில் இருப்பவை முழு வளர்ச்சியடைந்த பெண் இறால்கள். எனக்கு வந்தவற்றில் பெரும்பாலும் ஒல்லி வயிற்று ஆண்கள். ஆண் இறாலுக்கு நிறம் குறைவாகத்தான் இருக்கும் என்பது விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் படத்துக்குக் கீழே எழுதியிருக்க வேண்டும்.

இறால், தீவனம் இரண்டுக்கும் கட்டிய பணத்தை அனுப்புச் செலவோடு திருப்பித் தாருங்கள். மாற்று இறால் வேண்டாம். வந்தவற்றைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். இன்னொரு பயணத்தை அவை தாங்கா, தனித் தொட்டியிலேயே நான் வளர்த்துக்கொள்கிறேன். 'ஏழு நாளில் சிவப்பு' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, பாக்கெட்டில் சேர்மானத்தை அச்சிடுங்கள். இரண்டு தொட்டிகளின் படங்களும் பில்லும் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பெங்களூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்