அந்த ஒன்பது வேட்டிகள்

சேலத்து மக்களுக்கும் ஏற்காட்டு நண்பர்களுக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மலையில் மழை கொட்டினால் திருமணிமுத்தாறு வெள்ளமாகக் கீழே வந்து கணக்குக் கேட்கும். இந்த முறை எங்கள் கலைக்கூடத்து வாசலிலும் வந்து கேட்டுவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் இன்னும் அப்படியே இருக்கிறது. தரையைக் கழுவிவிட்ட கையோடு இதை எழுதுகிறேன். நாலு நாள் போனால் மனசு ஆறி, சம்பிரதாயமாக எதையோ எழுதி வைத்துவிடுவேன்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் முதலில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அம்மாப்பேட்டையில் பல வருஷம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பேரன் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் படிக்கிறான்.

அன்று காலை நனைந்த தாள்களை எல்லாம் வாரி எடுத்து மேசைமேல் குவித்திருந்தோம். பிள்ளைகள் தாரமங்கலம் கோயிலுக்குப் போய் வரைந்தவை ஒரு பக்கம். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை எட்டு பேர் எட்டு விதமாக வரைந்திருந்தார்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரியும், வாலியிடமிருந்து பார்த்தால் ராமன் தெரியாது என்பார்களே, அந்தத் தூண்களை வரைந்த ஒரு பெண் ராமனையே விட்டுவிட்டாள். கேட்டால், “நான் வாலி பக்கத்துல உக்காந்துதானே மிஸ் வரைஞ்சேன்” என்றாள்.

இன்னொரு பக்கம், எனக்கு வயிற்றைக் கலக்கியவை. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் இது. ஏற்காடு சாலையில் மிச்சமிருக்கும் அதன் நுழைவு வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இங்கே சினிமா பேனர் வரைந்த கைகளுக்காக ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று நினைப்பேன். வைத்தேன். சின்னப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தைக் கொண்டுவருவார்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. கட்டம் போட்ட அந்தச் சின்னப் படங்களை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து எங்களை நம்பிக் கொடுத்திருந்தார்கள், வரைந்தவர்களின் குடும்பத்தார். போஸ்டர் கலர் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வெயில் வந்ததும் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் பரப்பக் கிளம்பினேன். ஓவியம் சொல்லித் தருபவள் செய்யக் கூடாத வேலை. ஆனால் அந்த நேரத்தில் மூளை எங்கே வேலை செய்தது?

“டீச்சரம்மா, வெயில்ல போட்டுராதீங்க. சாயம் வெளுத்துரும், காயிதம் சுருட்டிக்கும்.”

வாசலில் அவர். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒன்பது பழைய வேட்டிகள். புது வேட்டி ஆகாதாம், கஞ்சி இருந்தால் வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். நாலைந்து வருஷம் கட்டித் துவைத்து, கஞ்சி சுத்தமாகப் போன துணிதான் தண்ணீரை உறிஞ்சுமாம். தரையில் விரித்தார். வண்ணம் மேலே பார்க்க ஒவ்வொரு தாளாகக் கிடத்தினார். ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார், காற்று நேராக அடிக்காமல் அறைக்குள் சுற்றட்டும் என்று. நான் பேனர் படங்களை முதலில் எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. “எது ரொம்ப நனைஞ்சிருக்குதோ அதைக் குடுங்க” என்றார். அப்படித்தான் ஒன்றாம் வகுப்புப் பையனின் மாம்பழம் முதலில் போனது.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து, துணி நனைய நனைய மாற்றினார். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம். அவர் விரலால் தாளின் முதுகைத் தொட்டுப் பார்த்தே சொன்னார். பாதி காய்ந்ததும் துணிக்கு நடுவே வைத்து மேலே பலகையைப் போட்டார். எல்லாம் பிழைக்கவில்லை. ஆனால் பென்சில் கட்டங்கள் பெரும்பாலும் பிழைத்தன.

நடுவில் டீ குடிக்கும்போது கேட்டேன், இத்தனை நாள் ஏன் உள்ளே வந்ததே இல்லை என்று. இரண்டு வருஷமாக டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை எதிரே புளியமரத்தடியில்தான் நிற்பார்.

“உள்ள வந்தா டிக்கெட்டு கேப்பீங்களோன்னு இருந்துட்டனுங்க.”

எங்களிடம் டிக்கெட்டே கிடையாது. மக்களுக்கான கலைக்கூடம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு, வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பதிவேடு, ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை. தண்ணீர் அந்த மேசையைக் கொண்டுபோய்விட்டது. திரும்ப வாங்கப் போவதில்லை. அந்த இடத்தில் ஒரு பெஞ்சு வரும். அடுத்த கண்காட்சி சாயப்பட்டறைகளைப் பற்றித்தான். நூல் மாதிரிகள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறாராம். கொடுப்பதாக இன்னும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் மற்ற எல்லோரும். ஃபேன் அனுப்பிய செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், சேறு அள்ளிய ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், கடையில் உண்டியல் வைத்து, எங்களுக்குத் தட்டுவடை செட்டும் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த அக்கா, வார இறுதி ஓவிய முகாமின் வசூலை அப்படியே அனுப்பிய ஏற்காட்டு நண்பர்கள், வெளியூரிலிருந்து பணம் போட்ட பழைய மாணவர்கள். நிதி திரட்ட விற்ற படங்களில் ஒன்றுக்குப் பேரம் பேசியே தீர்த்து, கடைசியில் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுப் போன அந்த அண்ணனுக்கும்தான்.

சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல் உண்டு. தரை ஈரமாக இருக்கும், பாய் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஐயா, ஒரு விஷயம். மருமகள் எண்ணிப் பார்ப்பார்கள் என்றீர்கள். ஏழு வேட்டிகளைத் துவைத்துக் கொடுத்தனுப்பிவிட்டேன். எட்டாவதில் உங்கள் பேரன் ஒரு தாளைக் கவிழ்த்துப் போட்டதில் தாரமங்கலத்துச் சிங்கம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மற்ற பிள்ளைகள் ஒன்பதாவதையும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் என்ன சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.