விடிகாலை வயிற்றுவலிக்காரனை வீட்டுக்கு அனுப்பாதே

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆறு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. உன்னைத் தாலுகா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு மாற்றிவிட்டார்கள் என்று நம் சிநேகிதன் ‘சித்தப்பா’ சொன்னான். அவன் இன்னும் அதே ஸ்கூட்டர்தான். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலாம்.

மழை தொடங்குமுன் உனக்கு இதை எழுதியாக வேண்டும். சுற்றிலும் வயல், நைட் டியூட்டி என்றால் பாம்புக்கடி வரும். கண்ணாடிவிரியனைப் பற்றிக் கவலை இல்லை. கடிபட்டவன் கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்து வருவான். அடித்த பாம்பையும் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். எனக்குப் பயமெல்லாம் கட்டுவிரியன்தான். அது கடித்தது கடிபட்டவனுக்கே தெரியாது. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பான், எலி தேடி வந்த பாம்பு, புரளும்போது ஒரு கடி. பல் சின்னது. வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. எறும்பு என்று சொறிந்துவிட்டுத் தூங்குவான். நாலு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியோடு உன்னிடம் வருவான். அல்சர் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினால், வீடு போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிடும்.

அதனால் ராத்திரி எங்கே படுத்தாய் என்று முதலில் கேள். தரையில் என்றால் உன் விரலை உயர்த்தி, தலையை அசைக்காமல் அதையே பார்க்கச் சொல். ஒரு நிமிஷம் பொறு. விஷம் ஏறியிருந்தால் இமை மெல்லச் சரியும். நெற்றியைச் சுருக்கி அதை இழுத்துப் பிடிக்கப் பார்ப்பான். முடியாமல் போய்த் தலையைப் பின்னால் சாய்த்து, இமையிடுக்கு வழியே உன்னைப் பார்ப்பான். தூக்கக் கலக்கம் என்பார்கள் கூட வந்தவர்கள், குடித்திருக்கிறான் என்பார்கள் மற்றவர்கள். நீ நம்பாதே. அடுத்து எச்சில் விழுங்க முடியாது, பேச்சு மூக்கால் வரும், தலையணையிலிருந்து தலை எழாது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, அரை மணிக்கு ஒருமுறை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் குறி. 25 வரை எண்ணியவன் 12-ல் திணறினால் மூச்சுக்குழாயில் டியூப் போடத் தயாராகு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளக்கிற ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்காதே. அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

கண்ணாடிக் குழாயில் விட்ட ரத்தம் 20 நிமிஷத்தில் உறைகிறதா என்று பார்க்கிற சோதனையை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காக உறையும். அதற்காக விஷம் ஏறவில்லை என்று ஆகிவிடாது. இன்னொன்று, 2 மில்லி ரத்தம் விடுகிற கண்ணாடிக் குழாய் சோப்பு போட்டுக் கழுவியதாக இருந்தால் நல்ல ரத்தமும் உறையாது.

இமை சரிந்திருந்தால் பாம்பு விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். குழந்தை என்று பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை. ஒவ்வாமை வந்தால் தொடையில் போட அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் ஏற்றி வை, குழந்தை என்றால் எடைக்கு ஏற்ப. பெரியவர்களுக்கு அட்ரோபின் 0.6, நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. இரண்டையும் ஒருதரம் போட்டுப் பார். நல்லபாம்பாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இமை தூக்கும். கட்டுவிரியனில் பெரும்பாலும் தூக்காது. அதன் விஷம் நரம்பு முனைக்குள் புகுந்து, தசையை இயக்கச் சொல்கிற அசிடைல்கோலின் என்ற ரசாயனம் புறப்படுகிற இடத்தையே சிதைத்துவிடுகிறது. சிதைந்த முனை மறுபடி வளர நாளாகும். எத்தனை குப்பி ஏ.எஸ்.வி. ஏற்றினாலும் அது சீக்கிரம் வளராது. ஆனாலும் ஆள் எழவில்லையே என்று 30, 40 ஏற்றுகிறார்கள், எனக்கு ஆத்திரமாக வருகிறது! 20-க்கு மேல் போகாதே. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து, சொட்டுச் சொட்டாக எடுக்கிற விஷத்திலிருந்து வருகிற மருந்து அது. நாளைக்கு வரும் கண்ணாடிவிரியன் கேஸுக்கு வேண்டாமா?

கட்டுவிரியன் கடித்தவனைக் காப்பாற்றப்போவது காற்றுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் டியூப் போட்டே அனுப்பு. வென்டிலேட்டர் இல்லாவிட்டால் கையால் அழுத்திக் காற்று கொடுக்கிற அம்பு பேக். ஐந்தாறு வினாடிக்கு ஒரு அழுத்தல், கை ஓய்ந்தால் ஆள் மாற்று.

இனி சொல்வதை மறக்கவே மறக்காதே. முற்றிலும் செயலிழந்தவனுக்குக் கண்மணி விரிந்து கிடக்கும், வெளிச்சத்துக்குச் சுருங்காது, இருமல் வராது, கிள்ளினாலும் அசைய மாட்டான். பார்த்தால் மூளைச்சாவு. ஆனால் உள்ளே முழு நினைவோடு இருக்கலாம். பேசுவதெல்லாம் காதில் விழும். அவன் தலைமாட்டில் நின்று ‘இனி தேறாது’ என்று யாரும் பேசக்கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிடு, என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய். தூக்க மருந்து கொடு, கண் வறண்டுவிடாமல் மூடி வை. வீட்டாரிடம் ஒரு வாரம்கூட ஆகலாம், மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் எழுவார் என்று சொல். அவசரப்பட்டு வீட்டுக்கு எடுத்துப்போனால் உயிரோடு இருப்பவனைக் கொண்டுபோய்க் கொல்வதுதான்.

ஓ.பி.யில் வருகிறவர்களிடம் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கச் சொல்.

டியூப் போடத் தொண்டையைப் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் பல்பு எரிகிறதா, குழந்தை அளவு டியூப் இருக்கிறதா, ஸ்டோரில் நியோஸ்டிக்மின் காலாவதித் தேதி என்ன, மூன்றையும் பார்த்துப் பதில் போடு.

உன்
மாப்பிள்ளை