பெயர் போடாதீங்க என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கும், எங்களோடு சேர்ந்து பாடுபட்ட நம் ஊர் மக்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கிவிட்டன. இனி ஐஸ் ஏற்றவும் டீசல் பிடிக்கவும் வலை பொத்தவும் ஓடிக்கொண்டிருப்பீர்கள், யாரையும் நிறுத்தி வைத்து நன்றி சொல்ல முடியாது. அதனால் எழுதியே விடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளும் நம் சபையில் நடந்த வேலைகளுக்கு, அதாவது அரிசி பருப்பு கொடுத்தது, சனிக்கிழமை பந்தி, கோயில் கூரையைச் சரி பண்ணியது, பின்னால் கழிப்பறை கட்டியது, சாயங்கால வேதபாடம், இத்தனைக்கும் கை கொடுத்தவர்களுக்கு சபைப் பொருளாளராக நான் எழுதும் மடல் இது.

எழுத உட்கார்ந்ததுமே ஒரு சிக்கல். பாதிப்பேர் "பெயர் போடாதீங்க அக்கா" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று மத்தேயு 6-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார், சரி, மறுக்கவில்லை. ஆனால் அது கொடுக்கிறவருக்குச் சொன்னது. வாங்கிக்கொண்டவர் வாயைத் திறக்கக்கூடாது என்று வேதத்தில் எங்கேயும் நான் படிக்கவில்லை. பவுலைப் பாருங்கள். ரோமர் 16-ஆம் அதிகாரத்தை நாம் வாயில் நுழையாத பெயர்கள் என்று தாண்டிப் போய்விடுகிறோம், அவரோ இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி, இவர் எனக்காகக் கழுத்தை நீட்டினார், இவள் மிகவும் பிரயாசப்பட்டாள் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். முதல் பெயரே ஒரு பெண், பெபேயாள், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. கெங்கிரேயா கொரிந்து பட்டணத்தின் துறைமுகம், நம்மைப் போல உப்புக் காற்று அடிக்கிற ஊர்தான். அதே பட்டியலில் ரூபு என்பவருடைய தாயாரை "எனக்கும் தாய்" என்கிறார் பவுல், அந்த அம்மாவின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் வாசித்த சபைக்கு யாரென்று தெரிந்திருக்கும். அந்த வழியையே நானும் பிடித்துக்கொள்கிறேன். பெயர் இருக்காது, செய்த வேலை இருக்கும், ஊருக்கு ஆள் தெரியும்.

முதலில் கடலில் முழுகிக் கடற்பாசி எடுக்கிற அக்காமாருக்கு. உங்களுக்குத்தான் முதல் நன்றி, அதுவும் நீங்கள் போட்ட சண்டைக்கு. கமிட்டி தயாரித்த முதல் பட்டியலில் படகில் போகிற குடும்பங்கள் எல்லாம் இருந்தன, உங்கள் தெரு மொத்தமாக விடுபட்டிருந்தது. ஆராதனை முடிந்து வாசலிலேயே மறித்து "நாங்க முழுகுறது கடல் இல்லையா?" என்று கேட்டீர்களே, அதற்குக் கமிட்டியில் ஒருவரிடமும் பதில் இல்லை. அன்று சாயங்காலம் போதகர் ஐயா அப்போஸ்தலர் 6-ஐத் திறந்தார். எருசலேம் சபையிலும் இதே கதைதான், கிரேக்கு பேசுகிற விதவைகளை அன்றாட பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் குறை சொன்னார்களோ அந்தப் பக்கத்து ஆட்கள் கைக்கே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம் பந்தி விசாரிக்கிற வேலைக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்றும் பாருங்கள், நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். நாமோ பிரசங்கத்துக்கு மட்டும் ஆள் பார்த்து அழைக்கிறோம், சோறு பரிமாற யார் வந்தாலும் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

உங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் பட்டியலைக் கையில் எடுத்த பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்கு யாரும் மனு எழுதிக் கொடுக்காமலே தெரிந்தது. அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, மறுக்கவில்லை, ஆனால் அது வருகிற தேதியும் பானையில் அரிசி தீர்கிற தேதியும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியில் நீங்கள் ராத்திரியில் பையோடு போனீர்கள், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல். இன்னொன்றையும் நீங்கள்தான் தைரியமாகச் சொன்னீர்கள், இந்த அம்மாவுக்கு அரிசி வேண்டாம், திருப்பூரில் சம்பாதிக்கிற மகன் இருக்கிறான், அவனைக் கேளுங்கள் என்று. 1 தீமோத்தேயு 5 அதைத்தான் சொல்கிறது, பெற்றோரைத் தாங்குவது முதலில் பிள்ளைகள் கடமை, ஒருவருமில்லாத விதவையைச் சபை தாங்கட்டும். போதகர் ஐயா போன் போட்டுப் பேசினார், மகன் இப்போது மாதாமாதம் அனுப்புகிறார். நாங்கள் கொடுத்த மூட்டைகளைவிட அந்த ஒரு போன் பெரிய உதவி.

சபைப் பணத்தில் சபையாருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்றும் ஒரு பேச்சு எழுந்தது. கலாத்தியர் 6:10-ஐத்தான் அவர்களும் காட்டினார்கள், விசுவாச குடும்பத்தாருக்கு விசேஷமாகச் செய்யச் சொல்லியிருக்கிறதே என்று. அதே வசனத்தில் அதற்கு முன்னால் "யாவருக்கும்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை வாசித்ததும் பேச்சு அடங்கியது. எல்லாத் தெருவுக்கும் போனது. பையைக் கொடுக்கும்போது கோயிலுக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்றும் அன்றே முடிவு செய்தோம், சொன்னவர் யாரும் இல்லை, அதற்கும் நன்றி.

சனிக்கிழமை பந்திக்குப் பெரிய தேக்சாக்களைத் தந்த ஜமாஅத் பெரியவர்களுக்கு என்ன சொல்வது! பாத்திரம் கேட்டுத்தான் போனோம், கூடவே சமையல்காரர் பண்டாரி பாயையும் அனுப்பி வைத்தீர்கள். இத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, எப்போது தீயைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்திராவிட்டால் முதல் வாரமே அடிப்பிடித்திருக்கும். நாட்டுப்படகு அண்ணன்மாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தடை உங்களுக்கு இல்லை, கடலுக்குப் போய் வந்தீர்கள், காரலும் சூடையும் கூடையில் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனீர்கள். மற்ற மாதங்களில் வலை அறுந்தது என்று விசைப்படகுக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் நீங்கள், அதே விசைப்படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன் கொடுத்தீர்கள். யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படாமல் வந்த சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். பேதுருவிடம் கேள்வி கேட்டதெல்லாம் சாப்பாடு முடிந்த பிறகுதான். இந்த வரிசையைச் சபைகளில் யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குப் பல நாள் குறை.

கணக்கு. என் பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, மாரியம்மன் கோயில் தெரு ஐயா எங்களுக்குப் பேரேடு எழுதச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, ஒவ்வொரு வாரமும் மூன்று பேர் எண்ணி மூன்று பேரும் கையெழுத்து, கையெழுத்துப் போட்டவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. சிலருக்கு வருத்தம், எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா என்று. 2 கொரிந்தியர் 8-இல் பவுல் தர்மப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை, தீத்துவோடு, சபைகளெல்லாம் நன்றாக அறிந்த இன்னொரு சகோதரனையும் அனுப்புகிறார், ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் சொல்கிறார், கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இருக்க வேண்டும் என்கிறார். பவுலுக்கே சாட்சி வேண்டியிருந்தால் எனக்கு வேண்டாமா? பணப்பை ஒரே ஆள் கையில் இருந்த கதை யோவான் 12-இல் இருக்கிறது, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனுடைய கை, பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியாளிடம் யோசனை கேட்பதா என்று கூச்சப்பட்டவர்களும் உண்டு. மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, இது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொன்னவர் மாமனார் எத்திரோ, மீதியான் தேசத்து ஆசாரியர். மோசே கேட்டுக்கொண்டார். நம் போதகர் ஐயாவுக்கும் சேகரத்தில், அதாவது அவர் பொறுப்பில், எத்தனை ஊர்! பைக்கில் மணலில் சறுக்கிச் சறுக்கி வருகிறவரிடம் கரண்ட் பில்லும் மைக் செட்டும் பற்றிக் கேட்பதை இந்த 61 நாளில் நிறுத்தினீர்கள், வீடு சந்திப்பையும் ஆஸ்பத்திரிக்குத் துணை போவதையும் தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டீர்கள். அவர் முகத்தில் தெளிவு வந்ததைப் பார்த்தீர்களா?

இனி கூரை. நம் கடற்கரையில் கம்பியும் காரையும் படும் பாடு எல்லோருக்கும் தெரியும், உப்புக் காற்று உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையைப் பிளந்து தள்ளிவிடுகிறது, போன அட்வென்ட்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில், ஒரு துண்டு பாடகர் குழு பெஞ்சுக்குப் பக்கத்தில் விழுந்தது. பெயர்ந்ததை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியை பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, புதுக் கலவை போட்ட கொத்தனார் அண்ணனும் வாலிபப் பிள்ளைகளும் கூலி வாங்கவில்லை. கலவைக்கும் நனைப்பதற்கும் நம் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் திரும்பவும் அதே கதைதான் என்று கொத்தனார் பிடிவாதமாக நின்றார், குடிக்கவே குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? டேங்கர் விட்ட புண்ணியவானுக்கு நன்றி. அவர் எங்கள் சபை இல்லை, பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கர்.

கழிப்பறை விஷயம் எழுத வேண்டாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார், நன்றி மடலில் அசிங்கமாக இருக்குமாம். நெகேமியா 3-ஐ அவருக்கு வாசித்துக் காட்டினேன். எருசலேம் மதிலை யார் யார் எந்தப் பக்கம் கட்டினார்கள் என்று வரிசையாக எழுதிய அதிகாரம், தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார்கள், சல்லூமின் மகள்கள் இருக்கிறார்கள். குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவர் மல்கியா, அவர் ஒரு மாகாணத்துப் பிரபு. அவர் பெயர் இன்றுவரை வேதத்தில் இருக்கிறது. தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை என்றும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறது. 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ விசுவாசத்துக்காகக் கழுத்தையே கொடுத்த மாவட்டம் இது. நம்மிடம் கேட்டது கொஞ்சம் குனிந்து செங்கல் தூக்கச் சொல்லி. இரண்டு படகுக்குச் சொந்தக்காரரான ஒரு பெரியவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கழிப்பறைக் குழியில் இறங்கி நின்றார், நம் பெண்கள் எத்தனை வருடமாக ஆராதனை நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று கேள்விப்பட்டதும். ஐயா, உங்கள் பெயர் போடவில்லை, கவலைப்படாதீர்கள். முன்வரிசை நாற்காலி எனக்கு வேண்டாம் என்று யாக்கோபு 2-ஐக் காட்டி நீங்களே பின்னால் போய் உட்கார்ந்ததையும் கவனித்தோம்.

வேதபாடம் பற்றிச் சுருக்கமாக. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையில்தான் கரை சேர்கிறது, மீனை விட்டுவிட்டு யார் கோயிலுக்கு வருவது? அதனால் ஞாயிறு சாயங்கால ஆராதனை இனித் தொடரும், அதற்குப் பொறுப்பேற்ற தம்பிமாருக்கு நன்றி. பேசிக்கொள்ளாமல் இருந்த இரண்டு பெரியம்மாமார் ஒரே அடுப்படியில் வெங்காயம் உரித்ததையும் பார்த்தோம். பிலிப்பியர் 4-இல் எயோதியாளையும் சிந்திகேயாளையும் பவுல் ஒருமனப்படச் சொல்கிறார், சொல்லிவிட்டு இவர்கள் என்னோடு சுவிசேஷத்தில் பாடுபட்டவர்கள் என்று மரியாதையும் கொடுக்கிறார். உங்களுக்கும் அதே மரியாதை, மேலே கேட்க மாட்டேன்.

பத்துப் பேர் சுகமாகி ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த குஷ்டரோகிகள் கதையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், நன்றி என்றாலே எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கு கோயில் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேள்வி இருந்தால் என்னிடம் நேரில் கேளுங்கள், டீக்கடையில் வேண்டாம். மிச்சம் இருக்கிற அரிசியை என்ன செய்வது என்று வரும் ஞாயிறு சாயங்காலம் பேசுவோம், பாசி தெரு அக்காமார் கட்டாயம் வர வேண்டும். தேக்சாக்களைத் துலக்கித் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு மூங்கில் ஏணியும் இரண்டு சிமெண்டுச் சட்டியும் மட்டும் யாருடையது என்று தெரியாமல் பின்கட்டில் கிடக்கின்றன, தந்தவர் பெயரைச் சொல்லாமலே வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் சபைப் பொருளாளர்