"இப்போ போகாதீங்க" என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

இமயமலையில் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போகும் சாலையில் எங்கள் பைக் குழுவுக்குக் கைகொடுத்த பெட்ரோல் பங்க் தம்பிகள், ஜிஸ்பா விடுதி அண்ணன்கள், பாங் கூடாரத்து அக்காமார்கள், ராணுவ மருத்துவ அறையினர், சாலைப் பணியாளர்கள் எல்லோருக்கும் வணக்கம். லடாக் மொழியில், ஜூலே!

"போய்ப் பார்த்துக்கலாம்" என்று உசுப்பேற்ற ஊரில் ஆள் நிறைய உண்டு. "இப்போ போகாதீங்க" என்று குறுக்கே நின்றவர்கள் நீங்கள்தான். பின்னால் வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று, நீங்கள் சொன்ன காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் டாண்டி பங்க். அதை விட்டால் உப்ஷி தாண்டி காரு என்ற ஊர் வரும்வரை 300 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோலை நம்ப முடியாது. ஊரில் லிட்டருக்கு 30 கொடுக்கும் வண்டி, ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் 22, 23க்கு இறங்கிவிடும். 15 லிட்டர் டேங்க் என்றால் கணக்கு இழுபறிதான். ஆகவே வண்டிக்கு ஒரு 5 லிட்டர் கேன் வேண்டும், அதிலும் நாலரையோடு நிறுத்தச் சொன்னீர்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் ஆவி கேனை உப்ப வைக்கும். கணவாயில் இன்ஜினை அணைத்து, சூடு ஆறியதும் மூடியைக் கால் சுற்று தளர்த்தி, காற்றை விட்டு மறுபடி இறுக்க வேண்டும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கேட்டவர்களுக்கு ஊற்ற மறுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

ஜிஸ்பா அண்ணன்களே, 2020இல் அடல் சுரங்கம் திறந்ததும் ரோதாங் கணவாய் ஏறும் வேலை மிச்சமானது. ஆனால் வினையும் அதிலேதான். காலையில் மணாலியில் (2,050 மீட்டர்) கிளம்பி, சாயங்காலம் சர்ச்சுவில் (4,290 மீட்டர்) படுத்துவிடலாம் என்று ஆசை வருகிறது. ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறினால் உடம்பு ஒத்துக்கொள்ளாது, ராத்திரி தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. சர்ச்சுவுக்குத் தெற்கே பாரலாச்சா கணவாய், வடக்கே கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள். இறங்க வேண்டிய நோயாளியைக் கொஞ்ச தூரமாவது ஏற்றித்தான் இறக்க முடியும். பாங்கிலும் (4,600 மீட்டர்) இதே கதை: ஒரு பக்கம் லாச்சுங் கணவாய், மறுபக்கம் 5,300 மீட்டருக்கு மேல் டங்லங் கணவாய். 3,200 மீட்டரில் இருக்கும் உங்கள் ஊரில் இரண்டு இரவு தங்க வைத்து அனுப்பியதன் அருமை அங்கே போனபின்தான் புரியும்.

பாங் மருத்துவ அறையில் இருந்தவர்களுக்கு: விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னீர்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டுக்கும் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும், அதை நம்பி ஏறக்கூடாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அக்காமார்களே, காற்றைப் பற்றி உங்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும். வெயில் ஏறித் தரை சூடான பிறகு கிளம்பும் காற்று, மத்தியானம் முழுக்க மோரே சமவெளியில் பக்கவாட்டில் அறையும். அதனால்தான் விடியற்காலையில் எழுப்பிவிட்டீர்கள். சைடு ஸ்டாண்ட் இடது பக்கம் என்பதால் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும்படி வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் வைக்க வேண்டும். இடப்பக்கம் காற்று பட்டால் வண்டி மறுபுறம் சாய்ந்துவிடும். உதிரி மண்ணில் கூடார முளை நிற்காது. நீங்கள் செய்வதுபோல் சாக்கில் கல் நிரப்பி, கயிற்றைச் சாக்கின் நடுவில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்தால் அசையாது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுக்கவிட்டீர்கள். குளிருக்குப் பயந்து மூடிய கூடாரத்தில் அடுப்பை எரியவிட்டால் வரும் நச்சுவாயுவுக்கு வாசனைகூடக் கிடையாது. 85 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும் இடத்தில், குக்கரை வைத்து ராஜ்மாவும் சோறும் பதமாக வேகவைத்துப் போட்டதை மறப்போமா!

சிவப்புக் கொடியோடு நின்ற சாலைப் பணியாளர்களே, உங்களில் பலர் ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்தவர்கள். தார் புகைக்கு நடுவே நின்றுகொண்டு, மத்தியானத்தில் ஓடையைக் கடக்கவிடாமல் தடுத்தீர்கள். பனி உருகி நீர் ஏறுவது பகல் வெயிலில்; விடிகாலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுவது, மூன்று மணிக்கு எக்சாஸ்ட்டை மூடிவிடும். கலங்கல் தண்ணீரில் உருண்டைக் கல் தெரியாது. ஒருவர் நடந்து பார்த்தபின் முதல் கியரில், கிளட்சைப் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்து ஓட்டச் சொன்னதும் நீங்கள்தான்.

கேலாங் மெக்கானிக் அண்ணன் சொன்னபடி, புதிய கிளட்ச் கேபிளைப் பழையதோடு ஒட்டி முன்கூட்டியே கட்டிவைத்தோம். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றினால் போதும், டேங்க்கைக் கழற்ற வேண்டாம்.

இனி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேலாங்கை விட்டால் லே பக்கம் போய்ச் சேரும்வரை ஏடிஎம்மை நம்ப முடியாது, பெரும்பாலான இடங்களில் சிக்னலும் இல்லை. போனைக் காட்டிப் பணம் கொடுக்க முடியாது. விடிகாலையில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் கூடாரத்தில் சில்லறை இருக்காது. ஐம்பதும் நூறுமாக எடுத்து வாருங்கள், பேரம் பேசாமல் கொடுங்கள்.

நன்றியுடன்,
பைக் குழுவினர்