சுவர் விழுந்த பிறகு வந்த பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெர்லின் சுவர் கட்டுரையில் அமெரிக்க நடிகரும் பாடகருமான ஹாசல்ஹாஃபைப் பற்றி, 'டேவிட் ஹாசல்ஹாஃப் பாடினார், சுவர் விழுந்தது' என்று ஒரு வரி. தங்களுக்குத் தெரியாததல்ல, சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. அவர் அங்கே பாடியது டிசம்பர் 31 இரவு. கல்யாணம் முடிந்து ஏழு வாரம் கழித்து வந்து மேளம் வாசித்தவருக்கு முகூர்த்தம் நடத்திவைத்த பெருமையா?

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கிழக்கு ஜெர்மனியில் பங்க் என்ற முரட்டு ராக் இசையில் இறங்கிய இளைஞர்களை 'வேலைவெட்டி இல்லாத சிலர்' என்று அரை வரியில் முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். வேலைவெட்டி இல்லாமலிருக்க அந்த நாட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது, ஐயா. தண்டனைச் சட்டம் 249-ஆம் பிரிவில் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

எண்பதுகளின் பிற்பாதியில் உதவித்தொகை பெற்று அங்கே படித்தவன் நான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்ததால் மேற்கு பெர்லினுக்குப் போய்வர முடிந்தது. உடன் படித்தவர்களுக்கு அது முடியாது. அவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் பாட்டுப் பதிய வெற்று கேசட்டுகள். மேடையேற அரசுக் குழுவின் முன் வாசித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காதவர்களுக்குத் தேவாலயமே கதி. அப்படியொரு கச்சேரிக்கு நானும் போனேன். பாட்டு ஒன்றும் பிடிக்கவில்லை (நான் இளையராஜா கட்சி). வருகிறவர்களை வாசலில் நின்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஆளைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

பங்க் இளைஞர்களை ஒடுக்கச் சொல்லி ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸின் அமைச்சர் எரிக் மீல்கே உத்தரவிட்டது 1983-இல். அதே ஆண்டு நாமென்லோஸ் என்ற பங்க் குழுவினர் பாடல் வரிகளுக்காகவே சிறைக்குப் போனார்கள். எர்ஃபுர்ட் பக்கத்து ஷ்லைம்-கைம் குழுவின் பாட்டு மேற்கு பெர்லினில் இசைத்தட்டாக வந்தது. அதன் மறுபக்கத்தில் பாடிய கவிஞர் சாஷா ஆண்டர்சன் ஸ்டாசியின் ஆள் என்பது 1991-இல்தான் அம்பலமானது. 1987 அக்டோபரில் சியோன் தேவாலயக் கச்சேரிக்குள் நவநாஜிகள் புகுந்து அடித்தபோது, பாசிச எதிர்ப்பு அரசு என்று சொல்லிக்கொண்ட கிழக்கு ஜெர்மன் அரசின் போலீஸ் வேடிக்கை பார்த்தது. கடைசியில், 1989-இல், அதே அரசின் அமிகா நிறுவனமே ஃபீலிங் பி என்ற பங்க் குழுவுக்கு இசைத்தட்டு போட்டது! இதில் எதுவும் அரை வரிக்கு மேல் பெறாதா?

இவர்கள்தான் சுவரை இடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தெருக்களில் அரசை எதிர்த்து எழுபதாயிரம் பேர் நடந்தார்களே, அவர்களையாவது எழுதியிருக்கலாம். உங்கள் கட்டுரையில் அவர்களும் இல்லை.

புடாபெஸ்ட் படத்துக்குக் கீழே 'பிராக்' என்று அச்சிட்டபோதும் எழுதினேன். இரண்டு வரியாக வெட்டி, 'படங்கள் அருமை' என்ற பகுதியை மட்டும் போட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. கிழக்கு ஜெர்மனியின் கட்சித் தோழர்கள் இந்தப் பங்க் பிள்ளைகளை 'மேற்கத்தியச் சீரழிவு' என்றார்கள். நீங்கள் வெட்டிப்பயல்கள் என்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்திலாவது இரு தரப்புக்கும் ஒற்றுமை.

அடுத்த இதழில் ஒரு மூலையில் ஹாசல்ஹாஃப் பாடிய தேதியைத் திருத்திப் போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால் தேதி மட்டும் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி