தீக்காயம் பட்ட தேக்கு அடிகளை விறகாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுத்தீ பற்றித் தங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் அத்தனை பேர் கருகிய பிறகு, தீ என்றாலே நமக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் காட்டில் தீயே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி மரத்தோடு பிழைத்தவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

செங்கோட்டையில் 38 வருடம் மரவாடி நடத்தினேன். ஏலத்தில் தேக்குத் தடி எடுத்து, அறுத்து, கன அடிக் கணக்கில் விற்பதுதான் தொழில். சில தடிகளின் அடிப்பக்கம் ஒரு புறம் குழிந்து, உள்ளே கருப்பாக இருக்கும். பலகைக்கு உதவாது. இரண்டு அடி நீளம் கழித்து வெட்டி விறகுக்குப் போட்டுவிடுவோம். எத்தனை நூறு அடிக்கட்டைகளை அப்படிக் கழித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது.

போன வருடம் மகள் வீட்டுக்கு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகருக்குப் போயிருந்தேன். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மரம் வருடத்துக்கு ஒன்றாகப் போடும் வளையங்களை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளின் சுழற்சியை மரத்தில் தேடிய டக்ளஸ் என்ற வானியலாளர் 1937இல் தொடங்கியது. மகள் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றிக் காட்டிய பெரியவர் ஒரு பைன் மரத் துண்டை என் கையில் கொடுத்தார். பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் விறகுக்குப் போட்ட அதே குழிவு, அதே கருப்பு.

அந்தத் துண்டைக் கண்ணாடி மாதிரி இழைத்து வைத்திருந்தார்கள். குழிவின் ஓரத்தில் மரம் உதடு மாதிரி மடிந்து மடிந்து வளர்ந்திருந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கருப்புக் கோடு. எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொன்றும் ஒரு தீ. புல்லும் சருகும் எரிகிற தாழ்ந்த தீ மரத்தைக் கொல்லாது. சரிவில் நிற்கிற மரத்துக்கு மேட்டுப் பக்கம் சருகு அதிகம் சேரும். அங்கே சூடு பட்டையைத் தாண்டி இறங்கி, வளரும் படலத்தை ஒரு சாண் அகலத்துக்குச் சாகடிக்கும். மரம் அடுத்த வருடமே இரண்டு ஓரத்திலிருந்தும் காயத்தை மூட வளரும். மூடி முடிப்பதற்குள் அடுத்த தீ வந்தால் அதே இடத்தில் இன்னொரு கோடு. கோடு எந்த வளையத்தில் விழுந்திருக்கிறதோ அதுதான் தீ வந்த வருடம். வளையத்தின் வெளிர்ப் பகுதியா, அடர் பகுதியா என்று பார்த்து எந்தப் பருவத்தில் எரிந்தது என்றுகூடச் சொல்கிறார்கள்.

இந்த வேலையில் பெரிய பெயர் தாமஸ் ஸ்வெட்னம். அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். தகப்பனார் நியூ மெக்சிகோவின் ஹேமஸ் மலையில் வன அதிகாரி. மகனும் இளவயதில் காட்டுத்தீ அணைக்கும் வேலை பார்த்தவர்தான். அப்புறம் மலை மலையாகப் போய், செத்த மரத்திலும் பழைய அடிக்கட்டையிலும் உயிரோடு நிற்கிற மரத்திலும் துண்டு எடுத்தார். நிற்கிற மரத்தில் ஆப்பு வடிவில் சின்னதாகத்தான் எடுப்பார்களாம், மரம் பிழைத்துக்கொள்ளும். அவரும் கூட்டாளிகளும் சேர்த்த துண்டுகளில் 1748 என்ற வருடம் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் மலைக்கு மலை பதிந்திருக்கிறது. அதற்கு முந்தைய 1747 நல்ல மழை. புல் மண்டி வளர்ந்து, மறு வருட வறட்சியில் காய்ந்து, எல்லா மலையும் எரிந்திருக்கிறது. 270 வருடத்துக்கு முந்தைய மழையும் வெயிலும் ஒரு கட்டையில் அப்படியே இருக்கிறது!

என் கையில் இருந்த துண்டில் அதைவிட முக்கியமான ஒன்றைப் பெரியவர் காட்டினார். கடைசிக் கோட்டுக்கு அப்புறம் பட்டை வரை நூறு வளையத்துக்கு மேல் ஒரு காயமும் இல்லை. அந்தப் பக்கத்துப் பைன் காடுகளில் ஐந்து முதல் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வந்துபோன தீ, 1900ஐ ஒட்டி ஏறக்குறைய எல்லா இடத்திலும் நின்றுவிட்டது. ரயில் வந்தது, ஆடு மாடுகள் லட்சக்கணக்கில் வந்தன, தீயைக் கொண்டுபோகிற புல்லை அவை மேய்ந்து தீர்த்தன. பிறகு அரசாங்கமே அணைக்க ஆரம்பித்தது. எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935இல் விதியே போட்டார்கள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் சருகும் சுள்ளியும் நெருக்கிய இளமரங்களும் நூறு வருடம் சேர்ந்துவிட்டன. 2011 ஜூன் 26 அன்று அதே ஹேமஸ் மலையில் மின்கம்பி மேல் ஒரு மரம் சாய்ந்தது. பதினான்கு மணி நேரத்தில் 43,000 ஏக்கர் போயிற்று. தரையோடு போகிற தீயல்ல, உச்சிக்கு ஏறி மரத்தையே தின்கிற தீ.

கலிபோர்னியாவின் செக்கோயா மரங்கள் கதையும் இதுதான். இரண்டாயிரம் வருடக் காயங்களை உடம்பில் வைத்துக்கொண்டு நிற்கிற மரங்கள் அவை. தீயின் சூட்டில் காய் விரிந்து விதை கொட்டும். அத்தனை தீயைத் தாங்கியவற்றில், 2020இல் வந்த ஒரே தீயில் உலகத்திலுள்ள பெரிய செக்கோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போயின. வறட்சியும் வெப்பமும் கூடியதும் காரணம் என்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை அப்படியே நம் மலைக்குப் பொருத்தச் சொல்லவில்லை. சோலைக்காட்டில் தீ புகுந்தால் அழிவுதான். இலையுதிர் காட்டில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிற இடம் வேறு, புல் நிற்கிற இடம் வேறு. நம் காட்டில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் தீ எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வந்தது என்று தெரிய வேண்டுமானால், நம் மரத்தைத்தான் பார்க்க வேண்டும். நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் வருட வளையம் துலங்காது. தேக்கில் துலங்கும். கேரளத் தேக்கு வளையங்களைக் கொண்டு ஐந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பருவமழை, வறட்சிக் கணக்கைப் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் எடுத்திருக்கிறார்கள். மழையைச் சொல்கிற மரம் தீயைச் சொல்லாதா? தேக்கின் காயத்தில் கறையானும் பொந்தும் விழுந்து பாதி அழிந்துபோகும், உண்மைதான். யானை பட்டை உரித்த காயத்தையும் தீக்காயம் என்று ஏமாறலாம். பிரித்துப் பார்க்கப் படித்தவர்கள் வேண்டும். ஆனால் அவர்கள் பார்ப்பதற்குக் கட்டை மிச்சம் இருக்க வேண்டுமே!

எனவே வனத்துறைக்குத் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். டிப்போவில் தடியை அளந்து நம்பர் போடும்போது, அடியில் இப்படிக் காயம் இருந்தால் மூன்று அங்குல கனத்தில் ஒரு வில்லை வெட்டி எடுங்கள். எந்தச் சரகம், எந்த வருடம் வெட்டியது என்று எழுதி ஒட்டி, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கு அனுப்பி வையுங்கள். ஏலத்தில் அதற்கு எப்படியும் விலை கிடையாது. மரவாடிக்காரர்களும் விறகுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள்.

என் வீட்டு முற்றத்தில் உட்காருவதற்குப் போட்டிருந்த ஒரு தேக்கு அடி மட்டும் தப்பியிருக்கிறது. ஊர் திரும்பியதும் நான்கு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வைரத்துக்குள் மூன்று கருப்புக் கோடுகள் தெரிகின்றன. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பத்தொன்பது வளையம். எந்தக் காட்டுத் தடி என்று காட்ட ஏலச் சீட்டும் பெட்டியில் இருக்கிறது. ஆராய்கிறவர்கள் யார் வந்து கேட்டாலும் இரண்டையும் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவாடிக்காரர்,
செங்கோட்டை.