கட்டுரைக்குப் பொருள் தேடுவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரைகளில் பெரும்பகுதி அண்மைக் காலமாக நாட்காட்டியைப் பார்த்தே எழுதப்படுகிறது. மார்ச் 22 வந்தால் தண்ணீர், ஜூன் 5 வந்தால் சுற்றுச்சூழல், செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர்கள். மறுநாள் அந்தப் பொருளைப் பேச ஆளில்லை. எழுதுபவர்களிடம் திறமையோ அக்கறையோ குறைவு என்று நான் கருதவில்லை. கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்திலும், ஓய்வுக்குப் பின் எங்கள் கிளை நூலகத்துக்கு வரும் இளைஞர்களிடமும் நான் அடிக்கடி கேட்டது “எதைப் பற்றி எழுதுவது, ஐயா?” என்ற கேள்வியைத்தான். அதற்கு நான் கண்ட விடையைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கடிதம்.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், நம் நாட்டுப் பொருளாதாரத்தை இங்கிலாந்துப் பாடநூல்களைக் கொண்டு மட்டும் கற்பிக்க முடியாது என்று கண்டு, தம் மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குச் சென்று விவரம் திரட்டிவரச் சொன்னார். நிலம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள் என்பன போன்ற எளிய கேள்விகளே அவை. மாணவர்கள் எழுதிவந்தவை 1918இல் நூலாயின. அவற்றுள் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, நாகை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரம் ஆகிய ஊர்கள் ஆய்வாளர்களிடையே இன்றளவும் பேசப்படுகின்றன. காரணம், அந்த முதல் ஆய்வோடு வேலை நின்றுவிடவில்லை. 1930களில் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்றார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் திரும்பவும் சென்றார்கள். ஒரே ஊரை, முன்னவர் எழுதிவைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தலைமுறை கழித்துப் பார்க்கும்போது தோன்றும் கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. நூறாண்டுக்கு முன் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த ஊரில் இன்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அன்று பண்ணையாளாக இருந்தவரின் கொள்ளுப்பேரன் இன்று எங்கே வேலை பார்க்கிறார்? கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின் விளைநிலத்தின் மதிப்பு என்ன ஆயிற்று? இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே நடுப்பக்கம் நிறைந்துவிடும்.

ஆகவே, புதிதாக எழுத வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தங்கள் ஊரைப் பற்றி ஏற்கெனவே யாரோ எழுதிவைத்ததைத் தேடிப் பிடியுங்கள், பிறகு அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தேடுவதற்கு இடங்களும் உண்டு. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, அன்றைய சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்த கிராமங்களுக்குத் தனித்தனி நூல்களே வெளியிட்டார்கள். வீட்டு அமைப்பு, உணவு, திருமணச் செலவு வரை அவற்றில் பதிவாகியிருக்கிறது. பல இன்று இணையத்திலும் கிடைக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகமும் சென்னையிலேயே இருக்கின்றன.

இன்றைய நிலையை அறிய கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் ஒன்றே போதும் என்பேன். பசலி ஆண்டுதோறும் (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த் துறைக் கணக்காண்டு) எந்தப் புலத்தில் எந்தப் பயிர் என்று எழுதப்படும் அந்தப் பதிவேட்டின் சில ஆண்டுப் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், வேர்க்கடலை நின்று சவுக்கு வந்த ஆண்டும், நிலம் தரிசாகத் தொடங்கிய ஆண்டும் தெரிந்துவிடும். அதற்குப் பின் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கும் கேள்வி பொதுப்படையாக இராது. ஆவணம் கேட்டுக் கிடைக்காதபோது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் “ஏரி ஏன் தூர்வாரப்படவில்லை?” என்று கேட்டால் பயன் இல்லை, ஏனெனில் அலுவலகத்தில் பதிவாக உள்ளதையே அச்சட்டம் பெற்றுத்தரும். ஏரி, குளங்களை ஊர் மக்கள் பங்கேற்போடு சீரமைக்க 2017இல் மீண்டும் தொடங்கப்பட்ட குடிமராமத்துத் திட்டத்தில் குறிப்பிட்ட ஓர் ஏரிக்கு ஒதுக்கிய தொகை, வேலை மதிப்பீடு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த நகலோடு ஏரிக்கரையில் நின்று பார்ப்பவருக்கு அடுத்து என்ன எழுதுவது என்ற தயக்கம் வராது.

இவ்வகையில் எழுதப் பொறுமை வேண்டும். பயணச் செலவும் உண்டு. மாவட்டங்களில் இருந்து எழுதும் இளைஞர்கள் பலரால் அச்செலவைத் தாங்க முடியாது என்பதை நேரில் அறிவேன். அவர்களால் தாங்க முடியாததைத் தங்களைப் போன்ற இதழ்கள் ஓரளவு தாங்க முடியும். எனவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தங்கள் இதழின் பழைய தொகுதிகளை, கட்டுரை எழுத விரும்பும் வெளியாரும் முன் அனுமதி பெற்று வந்து பார்க்க வழிசெய்யுங்கள். அடுத்து, முன்பு தங்கள் இதழில் வெளிவந்து பின்னர் தொடரப்படாத ஊர்ச் செய்தி ஒன்றைத் தேர்ந்து, அந்த ஊருக்கு இன்று சென்று எழுதும் கட்டுரைக்கு மாதம் ஒருமுறையேனும் நடுப்பக்கத்தில் இடமும் எழுதுபவருக்குப் பயணச் செலவும் கொடுங்கள். முதல் கட்டுரைக்குப் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஏரிகளைத் தேர்ந்தெடுத்தால், என்னிடம் உள்ள குறிப்புகளை எழுதுபவருக்குத் தந்து உதவ ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
விழுப்புரம்.